ஆறு அட்டை முட்டையும் ஒரு டெஸ்ட் டிரைவும்

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஆடி மாசம். அவிநாசிக்கு வடக்கே எங்கள் முட்டைக்கோழிப் பண்ணை. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் ஒரு சைக்கிள்கூடப் புதிதாக வாங்கமாட்டார்கள். அந்த மாசத்தில்தான் நான் கோயமுத்தூருக்குப் போய், இருப்பதிலேயே சொகுசான பெரிய வண்டியைக் காட்டுங்கள் என்று ஷோரூமில் நின்றேன். பவிசுக்காக இல்லை. என் வீட்டுக்காரர் மறுபடி எழுந்து நடப்பாரா, மாட்டாரா என்பது அந்த வண்டியில்தான் இருந்தது.

சித்திரையில் கோழிக் கொட்டகைக் கூரையில் ஏறி ஓடு மாற்றும்போது வழுக்கி விழுந்துவிட்டார். முதுகெலும்பில் ஆபரேஷன். வாரம் மூன்று நாள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்து பயிற்சி எடுத்தால் நடந்துவிடலாம், இல்லாவிட்டால் படுக்கைதான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே வீடு பிடிக்கலாம் என்றேன். பண்ணையை விட்டு ஓர் அடி நகரமாட்டேன் என்றார். அவர் பிடிவாதம் ஊர் அறிந்தது.

பண்ணையிலிருந்து தார் ரோட்டுக்குப் போக இரண்டு கிலோமீட்டர் இட்டேரி. இரண்டு பக்கமும் வேலி, நடுவே கல்லும் குழியுமாக மண் பாதை. எங்கள் பழைய காரில் அவரைப் படுக்க வைத்து இரண்டு தடவை கொண்டுபோனோம். ஒவ்வொரு குழிக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டார், கண்ணில் தண்ணீர் வழிந்தது. மூன்றாம் தடவை கட்டில் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"கால் போனாப் போகுது அம்மணி. அந்த வண்டியில மட்டும் என்னைய ஏத்தாத."

பதினெட்டு வருஷத்தில் அவர் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்று கொட்டகைக்குள் போய்க் கோழிகளுக்கு நடுவே நின்று ஓவென்று அழுதேன். அழுது முடித்ததும், புதுக் கூண்டு போட வைத்திருந்த பணத்தில் வண்டி வாங்குவது என்று முடிவு செய்தேன்.

என் கொழுந்தனார் கூட வந்தார். வண்டி விஷயத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைப்பவர். எஞ்சின் பற்றி ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். எனக்கு எஞ்சின் தெரியாது. முட்டை தெரியும். ஆகவே வயசான கோழிகள் இட்ட முட்டையாகப் பொறுக்கி ஆறு அட்டை எடுத்துக்கொண்டேன். கோழிக்கு வயசாக ஆக ஓடு மெல்லிசாகிவிடும், லேசாக அதிர்ந்தாலே விரிசல் விடும். அந்த முட்டை உடையாமல் எங்கள் இட்டேரியைத் தாண்டும் வண்டிதான் என் வண்டி.

முதலில் ஒரு ஷோரூமில் பெட்ரோல் வண்டி. எஞ்சின் ஓடுகிறதா என்று காது வைத்துக் கேட்க வேண்டும், அவ்வளவு அமைதி. கொழுந்தனார் பண்ணை வரை ஓட்டி வந்தார். இட்டேரியில் மூன்றே மூன்று முட்டைதான் உடைந்தது. ஆனால் பின்சீட்டில் ஆறடி மனுஷனை நீட்டிப் படுக்கவைக்க இடமில்லை. காலை மடக்கவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

"அண்ணனைக் கொஞ்சம் சாய்ச்சாப்பல உக்கார வெச்சுக்கலாமுங்க நங்கையா. எஞ்சினைப் பாருங்க, பட்டு மாதிரி" என்றார் கொழுந்தனார். எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்பார்கள். உங்க அண்ணன் எஞ்சின் மேலயா படுக்கப்போறாரு என்று கேட்டேன்.

மறுநாள் அவிநாசி ரோட்டில் இன்னொரு ஷோரூம். இந்த வண்டி இன்னும் பெரிசு. நடு சீட்டை மடக்கினால் ஒரு மெத்தையே விரிக்கலாம். இதில் சாதா டீசல், டர்போ டீசல் என்று இரண்டு வகை வண்டி. சாதா டீசலில், வண்டி நிற்கும்போதே முட்டைகள் ஒன்றோடொன்று முட்டி டிக்டிக்கென்று சத்தம் போட்டன. பாலம் ஏறும்போது கியரைக் குறைக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் ஒரு வெட்டு. அந்த வெட்டு அவர் முதுகில் விழுவதாக நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்றேன்.

டர்போ வண்டியைப் பண்ணை வரைக்கும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றதும், விற்பனையாளராக இருந்த இளைஞர் உடனே சரி என்றார். ஆடி மாசம், ஷோரூமில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முட்டை அட்டைகளை இந்தப் புது வண்டியிலும் ஏற்றப் போனதும்தான் அவருக்கு முகம் வெளுத்தது.

"மேடம், சீட்டு புதுசுங்க."

பவானி ஜமக்காளம் ஒன்றை மடித்து விரித்து, அதன்மேல் முட்டையை அடுக்கினேன். நானே ஓட்டினேன். வீட்டுக்காரர் விழுந்த பிறகு முட்டை வேன் ஓட்டிப் பழகியிருந்தேன். அடடா, என்ன இழுவை! பாலத்தில் மூன்றாவது கியரிலேயே அலுங்காமல் ஏறியது. இதுதான் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டேன்.

இட்டேரியில் இறங்கினோம். அவ்வளவுதான், தூக்கித் தூக்கிப் போட்டது. பண்ணை வாசலில் நிறுத்தி எண்ணினால் இருபத்திரண்டு முட்டை காலி. ஜமக்காளமெல்லாம் மஞ்சக்கரு.

"நாஞ் சொன்னனில்லீங்க, அந்தப் பெட்ரோல் வண்டியே ஆகுமுன்னு" என்றார் கொழுந்தனார், கேட்பதற்கு யாரும் இல்லாததுபோல வானத்தைப் பார்த்து.

இருப்பதிலேயே நல்ல வண்டி இது. இதுவே ஆகாதென்றால் வேறு எங்கே போவேன்? வாசல் பக்கத்து அறை ஜன்னலோரம் கட்டிலில் அவர் படுத்திருந்தார். அந்தப் பக்கம் பார்க்கத் தைரியமில்லை. வேண்டாமுங்க, எடுத்துட்டுப் போயிருங்க என்று விற்பனை இளைஞரிடம் சாவியை நீட்டினேன்.

அவர் வண்டியைத் திருப்பும்போது, குனிந்த தலை நிமிராமல் நின்றிருந்தேன். அதனால்தான் மண்ணில் விழுந்த டயர்த் தடம் கண்ணில் பட்டது. பக்கத்திலேயே காலையில் போன எங்கள் முட்டை வேனின் தடம். இந்த வண்டியின் டயர் அதைவிட ஒன்றரை மடங்கு அகலம். தடமோ அதைவிட ஒல்லி. நடுப்பட்டை மட்டும் மண்ணில் பட்டிருந்தது.

முட்டை வேன் ஓட்டுகிறவர்களுக்கு இது அரிச்சுவடி. காற்று ஜாஸ்தியானால் டயர் உப்பி, நடுவில் மட்டும் நிற்கும். வண்டி கல்லாய்க் குதிக்கும், முட்டை உடையும். தினமும் காலையில் லோடு ஏற்றுமுன் காற்று பார்ப்பது என் வேலை. அன்றைக்கு மட்டும் சொகுசு வண்டி என்ற மலைப்பில் டயரைத் தொடவே மறந்திருந்தேன்.

நிறுத்தச் சொல்லிவிட்டு, ஓடிப்போய்க் காற்று மானியை எடுத்துவந்து வைத்தேன். ஐம்பது காட்டியது. கதவோரம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் முப்பது என்று போட்டிருந்தது.

"லாரியில கட்டி வர்றதுக்காக ஜாஸ்தி வெச்சு அனுப்புவாங்கங்க மேடம். டெலிவரிக்கு முன்னாலதான் கொறைப்போம். இந்த வண்டி நேத்துத்தானுங்க வந்துச்சு" என்றார் இளைஞர், தலையைச் சொறிந்துகொண்டு.

நான்கு டயரிலும் காற்றை இறக்கினேன். உடைந்ததை மாற்றி முட்டை அடுக்கி, இட்டேரியில் போய்த் திரும்பி வந்தேன். எண்ணினேன். நம்பாமல் கொழுந்தனாரை எண்ணச் சொன்னேன். அவர் இரண்டு தடவை எண்ணினார்.

"ஒண்ணே ஒண்ணுங்க நங்கையா. அதுவும் கீறல்தான்."

அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. இத்தனையையும் அவர் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அந்த முட்டைய எடுத்துப்போட்டு என்னையப் படுக்க வையி."

மெத்தையோடு தூக்கி உள்ளே கிடத்தினோம். கொழுந்தனார் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, நான் ஓட்டினேன். முதல் குழி. சத்தமில்லை. இரண்டாவது, மூன்றாவது. வேலி முடிகிற இடத்தில் பெரிய பள்ளம் ஒன்று உண்டு, அதில் மட்டும்தான் முன்பு அடக்கமாட்டாமல் கதறினார். அதிலும் இறக்கி ஏற்றினேன். ஒரு முனகல்கூட இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. தார் ரோட்டில் நிறுத்தி, ஏனுங்க, வலிக்குதுங்களா என்று கேட்டேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் கொழுந்தனார் வாயில் விரல் வைத்துக் காட்டினார்.

"தூங்கிப்போட்டாருங்க."

மூன்று மாசமாக வலியில் கண்மூடாத மனுஷன், வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கில் தலை சாய்த்து நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றும் கொழுந்தனார் கேட்பார். அந்த ஆடியிலேயே வண்டி எடுத்தோம். ஊரே முணுமுணுத்தது, போகட்டும் என்று விட்டேன். தை மாசம் என் வீட்டுக்காரர் கோலை ஊன்றி, யார் தோளையும் பிடிக்காமல், தானே நடந்துவந்து அந்த வண்டியின் முன் சீட்டில் ஏறினார்.

இன்றும் எந்த வண்டியை எடுத்தாலும் முதலில் குனிந்து மண்ணில் தடத்தைப் பார்க்கிறேன்; பார்க்கும்போதெல்லாம், சாவியை நீட்டிய அந்த நிமிஷத்தில் தலை நிமிர்ந்திருந்தால் அவரைப் படுக்கையிலேயே விட்டிருப்பேனே என்று ஒரு கணம் உடம்பு சிலிர்க்கிறது, மறுகணம் முன் சீட்டிலிருந்து அவர் கிளம்பலாமா என்று குரல் கொடுக்கிறார்.