உப்பளத்துக்கு வெர்னியர் கொண்டுபோகாதீர்கள்

1983 பிப்ரவரியில் கம்பெனி என்னைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பியது. அங்கே ஒரு நெசவு மில்லில் பழைய மோட்டார்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்த வேண்டும். நாற்பது நாள் வேலை. இரண்டு பேர் போவதாக இருந்தது. கூட வரவேண்டியவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதால் நான் மட்டும் கிளம்பினேன். இப்படி வேலையாகத் தனியாகப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடற்கரையைப் பற்றியும் பிரெஞ்சுக்காரன் கட்டிய வீடுகளைப் பற்றியும் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்த பிறகு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் என்ன செய்வது என்று எவனும் எழுதவில்லை.

பாரிமுனையில் காலை 6.10 பஸ். திண்டிவனம் வழியாக 160 கிலோமீட்டர், டிக்கெட் 12 ரூபாய் 40 பைசா. திண்டிவனத்தில் பத்து நிமிடம் நிற்கும் என்றார் கண்டக்டர். இருபத்திரண்டு நிமிடம் நின்றது. 10.35க்குப் பாண்டிச்சேரி. பஸ் ஸ்டாண்டிலிருந்து உப்பளம் என்கிற பகுதியில் இருக்கும் லாட்ஜுக்கு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் மூன்று ரூபாய் கேட்டார்.

"ரெண்டு கிலோமீட்டர் கூட இல்லையே" என்றேன்.

"கிலோமீட்டர் கெடக்குது சார், பொட்டியத் தூக்கிப் பாருங்க. உள்ள இன்னா, ஆளு எவனையாவது அடிச்சி வச்சிருக்கீங்களா?"

உள்ளே என் கருவிகள் இருந்தன. இரண்டரைக்கு முடிந்தது. வெயிலில் இதற்குமேல் பேரம் பேசாதீர்கள், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அறை வாடகை நாளுக்கு 14 ரூபாய். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் ஒன்றே கால் அடியில் தெரியும். மெஸ்ஸில் அளவுச் சாப்பாடு மூன்றரை ரூபாய், மீன் வேண்டுமென்றால் தனி. வேலை காலை ஏழரையிலிருந்து மூன்றரை வரை. அதன் பிறகு எதுவும் கிடையாது. முதல் ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை உட்கார்ந்திருந்தேன். வேர்க்கடலை விற்கிறவர் இரண்டு முறை வந்து, "யாருக்காவது காத்துனு இருக்கீங்களா சார்?" என்று கேட்டார். இரண்டாவது முறை ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் மெஸ்ஸில் உட்கார்ந்து அன்றைக்கு நான் என்னென்ன பேசினேன் என்று எண்ணிப் பார்த்தேன். மில்லில் "பிடி", "விடு", "சுவிட்சைத் தொடாதே". மெஸ்ஸில் "மோர்". அவ்வளவுதான். முதல் வாரத்திலிருந்தே வயிறு எரிய ஆரம்பித்திருந்தது. தூக்கமும் இல்லை.

லாட்ஜிலிருந்து எழுநூறு மீட்டரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறது. காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, சீட்டுக்குக் காசு இல்லை. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் பிலோமினா சிஸ்டர்தான் எல்லாம். மில்லில் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுப் போனேன். சிஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும். என் வயிற்றை நாலு இடத்தில் அழுத்திப் பார்த்தார்.

"காலைல யாரு கூட சாப்புட்ட?"

"வயிறு எரியுது சிஸ்டர்."

"வயித்தப் பத்தித்தான் கேக்குறேன். யாரு கூட சாப்புட்ட?"

"தனியா."

"நேத்து?"

"தனியாத்தான். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மாத்திரை குடுங்க, எனக்கு வேலை இருக்கு."

"குடுக்குறேன், குடுக்குறேன். மெட்ராஸ் பஸ்ஸு இன்னும் உள்ளயே ஓடுது உனக்கு" என்று சொல்லிக்கொண்டே சீட்டில் எழுதினார். முதல் வரியில் மாத்திரை, சாப்பாட்டுக்கு முன். இரண்டாவது வரியில்: பெத்தாங், தினம் 4.30, லூர்துவைப் பார்க்கவும்.

பெத்தாங் என்றால் என்ன மருந்து என்று கேட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிஸ்டர் எல்லோருக்கும் இப்படி இரண்டாவது வரி எழுதுவாராம். ஒரு பெண்ணுக்குப் பெரிய மார்க்கெட்டில் பூக் கட்டுகிறவர்களோடு ஒரு மணி நேரம். இன்னொருவருக்குத் தேங்காய்த்திட்டில் விடியற்காலை மீன் ஏலம். வாங்கவேண்டாம், நின்றால் போதும். போனார்களா என்று அந்தந்த இடத்து ஆளிடமே கேட்டுத் தெரிந்துகொள்வார். இதெல்லாம் வைத்தியமா என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் 4.30க்கு எனக்கும் வேறு வேலை இல்லை.

பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் தூங்குமூஞ்சி மரத்துக்குக் கீழே ஒரு மணல் திடல். பெத்தாங் என்பது இரும்புக் குண்டு விளையாட்டு. கொஷோனே என்கிற சின்ன மரக்குண்டை முதலில் தூரத்தில் எறிவார்கள். பிறகு இரண்டு கட்சியும் இரும்புக் குண்டுகளை வீச, எது மரக்குண்டுக்குக் கிட்டத்தில் நிற்கிறதோ அந்தக் கட்சிக்குப் புள்ளி. பதின்மூன்று புள்ளி எடுத்தால் ஆட்டம் முடிந்தது. லூர்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடப்பார். எல்லோரும் அவரை மிஸ்யே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றார்கள். என் சீட்டை வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டார். அதில் இன்னும் ஏழெட்டுச் சீட்டுகள் கிடந்தன.

விளையாட்டைவிடச் சண்டைதான் அதிகம். எந்தக் குண்டு கிட்டே என்று தென்னை ஈர்க்குச்சியால் அளப்பார்கள். குச்சி வளையும், ஒடியும், "நீ அமுக்கிப் பிடிச்ச" என்பார்கள். இதில் பெரிய குரல் கோதண்டத்துடையது. அறுபத்தைந்து வயது, முப்பத்தெட்டு வருஷம் தறி ஓட்டியவர்.

"இன்னா மிஸ்யே, பட்டாளத்துல இப்டித்தான் குறி பாத்தியா? அதான் பிரெஞ்சுக்காரன் ஊர வுட்டே ஓடிட்டான்!"

"ஆலே, ஆலே, ஒன் குண்ட எடு மொதல்ல. ஒன் தறியில நெஞ்ச வேட்டி மாதிரியே கோணலா போவுது."

ஒரு புள்ளிக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. நான் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். மறுநாள் பெட்டியிலிருந்து வெர்னியரை எடுத்துக்கொண்டு போனேன். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டுகிற ஸ்டீல் அளவுகோல் அது. மரக்குண்டுக்கும் இரும்புக் குண்டுக்கும் நடுவில் அதன் தாடையை வைத்தால் முடிந்தது கதை. கோதண்டத்தின் குண்டு 41.6 மில்லிமீட்டர் தள்ளி. மிஸ்யே குண்டு 39.8.

"மண்ணு ஒட்டியிருக்குடா எங்குண்டுல! அதத் தொடச்சிட்டு அள!"

"துடைச்சா குண்டு சின்னதாகும், இடைவெளி இன்னும் கூடும். உங்களுக்குத்தான் நஷ்டம். அடுத்தது போடுங்க" என்றேன்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நான்தான் நடுவர். ஆறே முக்காலுக்கு முடிகிற ஆட்டம் ஐந்தரைக்கே முடிந்தது. ஒழுங்காக ஒரு வேலை நடக்கிறதே என்று எனக்குத் திருப்தி. முடிந்ததும் எல்லோரும் குண்டுகளைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். யாரும் யாருடனும் அதிகம் பேசவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. சனிக்கிழமை கோதண்டம் வரவில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாயும் இல்லை.

புதன்கிழமை காலை சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீ ஏதோ வச்சி அளந்தியாமே?"

"ஆமா. சரியாத்தான் அளந்தேன்."

"சரியா அளக்கச் சொல்லி யாரு கேட்டா? கோதண்டத்துக்குப் பிரஷரு. வீட்டுல குடுத்தா ஒண்ணு மறந்துட்டு, ஒரே நாள்ல மூணா முழுங்குவாரு. அதனால மாத்திரைய மிஸ்யே டப்பாவுல வச்சிருக்கேன். ஆட்டம் முடிஞ்சா ஒண்ணு. இன்னியோட அஞ்சு நாளா மாத்திரை இல்ல. நேத்து நான் போனேன். ஒண்ணுமில்லன்னு கதவச் சாத்திட்டாரு."

சிஸ்டர் தொடர்ந்தார். "தறிச் சத்தத்துல காது போன ஆளு, கத்தித்தான் பேச வரும். பொண்டாட்டி இருந்தவரைக்கும் அது பாட்டுக்குப் போச்சு. இப்ப வீட்டுல சின்னக் கொழந்த. வாயத் தொறந்தாலே மெதுவாம்பாங்க. அந்த மனுஷன் கத்துறதுக்கு இந்த ஊருல ஒரு எடம்தான் இருந்துச்சு."

அன்றைக்கு நாலு மணிக்கு சைக்கிள் எடுத்தேன், மணிக்கு நாற்பது பைசா. முதலியார்பேட்டை இரண்டரை கிலோமீட்டர், பன்னிரண்டு நிமிடம். பதினாலு வீடு ஒட்டினாற்போல் நிற்கிற ஒரு சந்து, ஐந்தாவது வீடு. மருமகள் கதவைத் திறந்து, குழந்தை தூங்குகிறது என்று விரலை உதட்டில் வைத்தார். சுவரோரம் பாயில் கோதண்டம் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கினாற்போல் இருந்தது.

"வா தம்பி" என்றார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, காற்று மட்டும் வருகிற மாதிரி. திடலில் கத்திய ஆள் இவர்தானா என்று இருந்தது. அந்த அறையில் அவர் எப்படி இருக்கிறார் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. என் லாட்ஜ் அறையும் அதே நீளம்தான்.

"ஆட்டத்துக்கு வாங்க."

"வந்து இன்னா செய்ய? நீதான் நம்பரு சொல்லிடுறியே."

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. வாசல் வரை வந்துவிட்டேன். அங்கிருந்து திரும்பிச் சொன்னேன்: "அன்னைக்கு உங்க குண்டுல மண்ணு ஒட்டல. நான் பார்த்தேன். சும்மா சொன்னீங்க."

கை வாயிலிருந்து இறங்கியது.

"இன்னாது?"

"மண்ணே இல்ல. தோத்துட்டீங்க."

"எவன்டா சொன்னவன்!" பதினாலு வீட்டுக்கும் கேட்டிருக்கும். குழந்தை வீறிட்டது. எதிர்வீட்டில் ஒருத்தர் பாதி சவரத்தோடு வெளியே வந்தார். "இம்மாம் மண்ணு ஒட்டியிருந்துச்சுடா! மெட்ராஸ்லேர்ந்து வந்து எனக்கே சொல்றியா? வாடா, எடத்தக் காட்டுறேன், வாடா!" சட்டையைப் போட்டுக்கொண்டே என் சைக்கிள் கேரியரில் ஏறினார். திடல் வரை முதுகுக்குப் பின்னால் கத்திக்கொண்டே வந்தார். மிஸ்யே ஒன்றும் கேட்காமல் டப்பாவைத் திறந்து, ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தார். முழுங்கிவிட்டுக் கோதண்டம் விட்ட இடத்திலிருந்து கத்தத் தொடங்கினார்.

வெர்னியர் அதன் பிறகு பெட்டியை விட்டு மில்லைத் தவிர வேறெங்கும் வரவில்லை. மீதி நாட்களில் நானும் ஈர்க்குச்சியை அமுக்கிப் பிடித்ததாகத் திட்டு வாங்கினேன். கடைசி நாள் 2.15 பஸ். கோதண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். வண்டி நகரும்போது ஜன்னலில் தட்டி, "மண்ணு ஒட்டியிருந்துச்சு!" என்று கத்தினார். "ஒட்டல!" என்று நானும் கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. திண்டிவனம் வரை என் பக்கத்து இடம் காலியாகவே வந்தது.

போகிறவர்களுக்கு: நாற்பது நாளில் செலவு, பஸ்ஸும் அறையும் சாப்பாடும் சேர்த்து, ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். லாட்ஜில் சுவரைப் பார்த்த அறை வேண்டாம், தெருப் பக்கம் கேளுங்கள். வயிறு எரிந்தால் முதல் வாரமே சிஸ்டரைப் பாருங்கள், என்னை மாதிரி ஒன்பது நாள் வைத்திருக்காதீர்கள். சீட்டில் இரண்டாவது வரியையும் படியுங்கள். மாத்திரை எனக்கு ஆறு நாளில் தீர்ந்தது. இரண்டாவது வரிக்கு அவர் கெடு எழுதவில்லை. மெட்ராஸில் அதை எங்கே காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உப்பளத்தில் சாயங்காலம் பெரிய குரல் கேட்டால் அது கோதண்டம்தான். போய் நில்லுங்கள். அந்தக் குண்டில் மண் ஒட்டியிருந்ததா என்று உங்களையும் கேட்பார். ஒட்டவில்லை என்று சொல்லுங்கள்.