அடிபம்பும் நெம்புகோல் பாடமும்

உச்சி வெயிலில் எங்கள் வீதி அடிபம்பின் பிடியைத் தொட்டால் உள்ளங்கை சுருக்கென்று சுடும். துருவும் ஈரமும் கலந்த அந்த இரும்பு வாசம், கை கழுவினாலும் லேசில் போகாது. கருமத்தம்பட்டியில் அப்போது குடிக்கிற "நல்ல தண்ணி" எப்போதாவதுதான் குழாயில் வரும். மற்ற எல்லாவற்றுக்கும் அந்தப் பம்பின் உவர்ப்பான "சப்பத் தண்ணி"தான். காலையிலும் சாயங்காலமும் அங்கே கூட்டம் நெரியும். அம்மா மட்டும் வெயில் கொளுத்தும் நேரமாகப் பார்த்துக் குடத்தை எடுத்துக்கொண்டு போவார்.

காரணம் அவருடைய வலது தோள். வேலைக்குப் போன தறிக் குடோன் படியில் சறுக்கி விழுந்து எலும்பு முறிந்து, கட்டுப் பிரித்த பிறகும் கையில் பலம் வரவில்லை. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா பார்த்துவிட்டால் போதும், "இருங்கக்கா, நான் அடிச்சுத் தாரனுங்க" என்று ஓடி வந்து பிடியைப் பிடுங்கிக்கொள்வார். எங்கள் ஊர்க்காரர்கள் 'ங்க' போட்டு உதவ வந்தால் மறுக்கவும் வழியிருக்காது. அம்மாவுக்கோ உயிரே போய்விடும். "நாலு பேரு பாவம் பாக்கற மாதிரி ஆயிப்போச்சே கண்ணு" என்று வீட்டுக்குள் வந்து அழுவார். அதனால்தான் ஆளில்லாத வெயில் நேரம்.

அந்தச் சமயத்தில் பள்ளியில் நெம்புகோல் பாடம் நடந்தது. பிடி நீளமானால் குறைந்த விசையே போதும் என்று டீச்சர் கரும்பலகையில் படம் போட்டபோது, என் கண்ணுக்கு அடிபம்பைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அன்றைக்கே குடோனில் கழித்துப் போட்டிருந்த இரும்புக் குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கி, இழுத்து வந்து பம்பின் பிடியில் செருகி, பழைய சைக்கிள் ட்யூபால் இறுகச் சுற்றினேன். வீதிக்கே விஞ்ஞானி ஆகிவிட்ட நினைப்பில் அம்மாவைக் கூட்டி வந்தேன்.

பிடி பாதி உயரத்தில் நின்றிருந்தது; முதல் அமுக்கிலேயே தண்ணீர் கொட்டியது. அம்மாவின் முகம் மலர்ந்தது. ஆனால் அடுத்த அமுக்குக்குப் பிடி மேலே போக வேண்டுமே? நீளக் குழாயின் நுனி அவர் தலைக்கும் மேல் ஏற, தோளுக்கு மேல் தூக்க முடியாத அந்தக் கை பாதியிலேயே நின்றுவிட்டது. விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கொடுத்தாக வேண்டும் என்பதை டீச்சர் மறுநாள்தான் நடத்தினார். குழாயைப் பிடித்தபடி அம்மா நின்ற கோலத்தைப் பார்த்து, ட்யூபை அவிழ்த்துவிடலாம் என்று கை வைத்தேன்.

ஸ்டெல்லா அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தாரோ, அன்றைக்கு ஓடி வரவில்லை. அம்மா தானே கூப்பிட்டார்: "ஏனுங்க ஸ்டெல்லா, செத்த இங்க வாங்க. நீங்க மேல தூக்கி உடுங்க, நான் கீழ அமுக்கிக்கறேன்."

இரண்டு பேர் பிடிக்க அந்தக் குழாயில் தாராளமாக இடமிருந்தது. ஒருவர் தூக்க, ஒருவர் அமுக்க, எங்கள் குடம் நிறைந்தது. பிறகு ஸ்டெல்லா அக்காவின் குடத்தை வைத்தார்கள். அதற்கும் அம்மாதான் அமுக்கினார். மறுநாளிலிருந்து அம்மா காலையிலேயே தண்ணீருக்குப் போனார். இருவரும் பேசிச் சிரிப்பது எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்கும்.

இப்போது வீட்டுக்கு வீடு மோட்டார், மாடியில் தொட்டி. பம்பு இருந்த இடத்தில் தார் ரோடு. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லி மாய்ந்துபோனார். ஸ்டெல்லா அக்கா காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துக் கிடந்து, எழுந்து நடமாடிய பிறகுதான் அம்மாவுக்குச் சேதியே தெரிந்ததாம்.

"நடுவுல ஒரே செவுருதான் கண்ணு. எனக்குத் தெரியாமப் போச்சே."