பதினெட்டு மடங்கு

ஆறாம் வகுப்பில் எனக்குத் தசமப் பெருக்கல் நன்றாக வந்தது. அந்தத் தகுதியில் அப்பாவின் பந்தயங்களுக்கு நான் கணக்குப்பிள்ளை ஆனேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் வீட்டை ஒட்டியே அப்பாவின் பட்டறை. ஒரே ஒரு லேத். பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். ஆர்டர் குறைந்துபோன அந்த வருடம் லேத் நின்ற நேரமெல்லாம் அப்பா செல்போனோடு இருந்தார். முதலில் மேட்சுக்கு ஒரு பந்தயம்தான். அதில் விட்டதைப் பிடிக்க, பல மேட்சுகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு மேட்ச். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு மடங்கு போட்டிருக்குது கண்ணு. கூட்டக் கூடாது, பெருக்கோணும்," என்றார். இரண்டு, ஒன்றரை, மறுபடி இரண்டு, கடைசிக்கு மூன்று. பதினெட்டு என்றேன். கட்டியது பதினெட்டு மடங்காகத் திரும்பி வரும் என்றால் நல்லதுதானே. கட்டியது இரும்பு வாங்கக் கம்பெனி கொடுத்த அட்வான்ஸ் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் அன்று ராத்திரி வரை தெரியாது.

கிரிக்கெட் இரண்டிலும் நாங்கள் சொன்ன பக்கமே ஜெயித்தது. டென்னிஸும் அப்படியே. நான்காவது கால்பந்து. அந்த நாடு எங்கே இருக்கிறதென்று அப்பாவுக்குத் தெரியவில்லை. நான் அட்லஸில் தேடிக் காட்டினேன். எங்கள் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எதிரணி ஒன்று போட்டுவிட்டது. டிரா. நாங்கள் கட்டியிருந்தது வெற்றிக்கு.

"ஏனுங்கப்பா, மூணு செயிச்சுருச்சுங்களே, முக்காப் பங்காச்சும் தருவாங்களா?" என்று கேட்டேன். எங்கள் வகுப்பில் நூற்றுக்கு எழுபத்தைந்து வாங்கினால் கை தட்டுவார்கள்.

அப்பா சிரித்தார். சத்தமே வரவில்லை. "ஒண்ணு போனா அத்தனையும் போச்சு கண்ணு," என்றார்.

மடங்கு பெருகப் பெருக வாய்ப்பும் அதே பெருக்கலில் சுருங்குகிறது என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன். பாதி, மூன்றில் இரண்டு, பாதி, மூன்றில் ஒன்று. பெருக்கினால் பதினெட்டில் ஒன்று. பந்தயம் நடத்துகிறவன் தன் லாபத்தை எடுத்துக்கொண்ட பிறகு அதுகூட இல்லை. அதற்குள் கடனுக்காக லேத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா இன்றைக்கும் வேறொருவர் பட்டறையில் ஷிப்டுக்குப் போகிறார். வீட்டில் அவர் பேசிக் கேட்பதே அபூர்வம்.

இதெல்லாம் பிற்பாடு. டிராவுக்கு மறுநாள் காலையில், அழுது வீங்கிய முகத்தோடு அம்மா என் பள்ளிப் பையை வாங்கி வைத்தாள். "இன்னைக்கு இஸ்கூலு வேண்டாம் அம்மணி. அப்பா எங்க போனாலும் கூடவே போ. கையை உட்டுப்போடாதே."

காய்ச்சல்கூட இல்லாமல் லீவு. எனக்குக் கொண்டாட்டம்தான். அப்பா பட்டறைக்குப் போனார், போனேன். வெளியே வந்து ஊர்க்கோடித் தோட்டத்துக் கிணற்றுப் பக்கம் நடந்தார், கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். விளிம்பில் நின்று உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமை கிடக்கிறதாக்கும் என்று நானும் எட்டிப் பார்த்தேன். வெறும் தண்ணீர்தான். அப்பாவின் கை வேர்த்து நழுவியது. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்து, "ஊட்டுக்குப் போலாம் வா கண்ணு," என்றார்.

ஆமையைப் பார்க்காமலே திரும்புகிறோமே என்று வழியெல்லாம் சிணுங்கிக்கொண்டு வந்தேன்.