தாளிக்காத பச்சடி

கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலைப்பாதை ஏறுகிற இடத்தில் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் பங்களா இருந்தது. யுத்தத்துக்கு முந்தின காலம். அங்கே சமையல் வேலை பார்த்தவர் சென்றாயன், எங்கள் அம்மாவுக்குத் தம்பி. அவருக்கு மூத்தவர் குமாரசாமி மாமன். சென்றாயன் மாமனுக்கு ஒரே மகள் அத்தாயி. அவளை அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு பண்ணையக்காரர் வீட்டில் கேட்டிருந்தார்கள். மாமன் வீட்டில் விருந்து முடிந்து வெயில் தாழ்ந்ததும் தட்டு மாற்றுவதென்று பேச்சு.

மாமனுக்குத் தன் கைப்பக்குவத்தைச் சம்பந்திகளுக்குக் காட்ட ஆசை. பங்களாத் தோட்டத்தில் பார்த்து, தன் வீட்டுக் கொல்லையில் அவரும் ஒரு பாத்தி போட்டிருந்தார். புதினாவும் கொத்தமல்லியும் தளதளவென்று கிடந்தன. விடிந்ததும் பறித்துப் பொடியாக அரிந்தார். எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பு, மிளகு, அரைத்த கடுகு போட்டு, நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பால் மாதிரி வெளுக்கிற வரைக்கும் அடித்தார். நறுக்கின வெள்ளரிக்காயிலும் முள்ளங்கியிலும் அதை ஊற்றிப் பிசிறினார்.

அவர் பெண்டாட்டி கந்தம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, தாளிக்க வேண்டாமுங்களா?"

"எண்ணெ அடுப்புல ஏறுனா தழை வாசம் போயிரும். தொரைங்க சாப்படறது. உனக்கென்ன தெரியும், போ."

அவள் போய்விட்டாள். பந்தியில் இலைக்கு இலை மாமனே கொண்டுபோய் வைத்தார். நான் பின்னாலேயே சோறு போட்டுக்கொண்டு வந்தேன். மாப்பிள்ளைக்கு அத்தை ஆராயி ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"என்னங்க இது, கடுகு கறிவேப்பிலை ஒண்ணையுங் காணமே?"

"இது தாளிக்கறதில்லீங்க. பச்சை எண்ணெதானுங்க," என்றார் மாமன், பந்தி முழுக்கக் கேட்கும்படி.

எங்கள் பக்கம் இழவு விழுந்த வீட்டில்தான் தாளிக்க மாட்டார்கள். கருமாதி முடிகிற வரைக்கும் சட்டியில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்கக் கூடாது. அத்தனை வருஷமாக அடுப்படியில் நின்ற மனுஷனுக்கு அது தோன்றாமல் போயிற்று.

ஆராயி கையை உதறினாள். "எங்கூட்டுல அல்லாரும் நல்லாத்தானுங்க இருக்கறோம். இது ஆருக்கு ஆக்குனதுங்க?"

பந்தியில் ஒருவர் கையும் இலைக்குப் போகவில்லை. மாப்பிள்ளையின் அப்பா எழுந்திருக்க முழங்காலில் கையை ஊன்றினார். குமாரசாமி மாமன் ஓடிப்போய் எதிரில் நின்று கும்பிட்டார்.

"எந்தம்பி தொரையூட்டு உப்பத் தின்னு புத்திய அங்கயே வச்சுட்டு வந்துட்டானுங்க. புள்ளை மேல குத்தம் வச்சுராதீங்க."

உள்ளே கந்தம்மாள் சட்டியைக் காய வைத்துவிட்டாள். வேண்டுமென்றே அள்ளிப் போட்டாளோ என்னவோ, கடுகு வெடித்தது வாசல் வரைக்கும் கேட்டது. அதை அப்படியே கொண்டுவந்து இலை இலையாகப் பச்சடி மேல் ஊற்றினாள். தழையெல்லாம் சுருங்கிக் கறுத்துப் போயிற்று.

"இப்பச் சரி," என்று ஆராயி உட்கார்ந்தாள். "அடுத்த விருந்துக்குச் சம்பந்தியப் பங்களாவுக்கே அனுப்பிருங்க."

பந்தியே சிரித்தது. சிரித்ததனால்தான் சம்பந்தம் நின்றது. சென்றாயன் மாமன் பச்சடிக் கோப்பையில் மிச்சம் இருந்ததைக் கொண்டுபோய் எருக்குழியில் கொட்டினார். அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார்.

தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. அத்தாயி பட்டுச் சீலையோடு பின்னால் வந்து நின்றாள்.

"அப்பா, கூப்படறாங்க."

"பெரியப்பன நிக்கச் சொல்லு சாமி."

"அவிய ஒண்ணும் நெனைக்கலீங்கப்பா. சாப்பிட்டு வெத்தலை போடறாங்க."

"இந்தக் கையால தட்டக் குடுத்தா, நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா இதத்தான் சொல்லுவாங்க. நீ போ."

அவர் தலை நிமிரவேயில்லை. அவள் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

குமாரசாமி மாமன்தான் தட்டு மாற்றினார். அப்பன் கொல்லையில் இருக்க, பெரியப்பன் கையால் நிச்சயமான பெண் எங்கள் வகையறாவில் அத்தாயி ஒருத்திதான்.