வர்க்கி வண்டி ரேஸுக்குப் போன கதை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எண்பதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். ஊட்டி காந்தலில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் பேக்கரியில் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டும் ரொட்டியும் வாங்கி, மோட்டார் சைக்கிளில் டின் கட்டிக்கொண்டு போய் எஸ்டேட் கடைகளுக்குப் போடுவார். அந்த ஒரு வண்டிதான் எங்களுக்குச் சோறு போட்டது.

அதைத்தான் மெக்கானிக்கான என் கொழுந்தனார் டிராக் ரேஸுக்குக் கேட்டார். நேர் ரோட்டில் இரண்டிரண்டு வண்டியாக விட்டு, யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறார்கள் என்று பார்க்கும் பந்தயம். என்ஜின் அளவை வைத்து கிளாஸ் பிரிப்பார்களாம். சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கிப் பெரிய கிளாஸில் இறங்க வேண்டும் என்பது அவர் ஆசை.

என் வீட்டுக்காரர் ஒப்பவில்லை. "அங்க போனா இருக்கறதுலயே குட்டி என்ஜின் நம்முளுதுதான்டா. சின்ன கிளாஸ்ல நின்னா நம்மள விடப் பெருசு எதுவும் வர முடியாது. சிலிண்டரத் தொடாத. ஹெட்டு, கார்பரேட்டரு, பின் ஸ்ப்ராக்கெட்டு, இது மூணையும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற மாதிரி மாத்து, போதும்."

கதவோரம் நின்ற நான் மெதுவாகக் கேட்டேன். "ஏனுங்க, அதுக்கப்புறம் டின்னு தூக்குமுங்களா?"

"அண்ணிக்கு அவிய வர்க்கிக் கவலை!" என்று சிரித்தார் கொழுந்தனார். "பழையபடியே மாட்டிக் குடுத்தர்றனுங்க அண்ணி."

ஊட்டியிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி சீறிக்கொண்டு போனது. என்ஜின் களைக்கக் கூடாதென்று கேரட் லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார்கள்.

கோயமுத்தூருக்கு வெளியே ஒரு மைதானம். அந்த வெயிலில் நான் ஸ்வெட்டரோடு போய் நின்றேன். பக்கத்தில் ஓர் இளைஞர் தனியாகத் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் எங்கள் கிளாஸ்தான். பேசக் கூச்சப்பட்டு, வர்க்கி டின்னை மட்டும் அவர் பக்கம் தள்ளினேன்.

"ஊட்டிங்களாக்கா? இதக் கடிச்சதுமே தெரிஞ்சு போச்சு" என்றார்.

அப்போது கொழுந்தனார் வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து நிறுத்தினார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இளைஞர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்ணா. பிளக்கைக் கழட்டுங்க."

கழற்றினால், பிளக்கின் முனை சாக்பீஸ் மாதிரி வெளுத்திருந்தது. கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளை போட்ட சின்னப் பித்தளைத் திருகை ஜெட் என்பார்கள். மலையில் காற்று மெலிசு என்பதால் எங்கள் ஊரில் சிறிய ஜெட்தான் போடுவார்கள். கீழே காற்று கனம். அதே ஜெட்டோடு முழு வேகத்தில் ஓடினால் பெட்ரோல் பற்றாமல் என்ஜின் காய்ந்துவிடுமாம். லாரியில் வந்ததால் அந்த நினைப்பே யாருக்கும் வரவில்லை.

"இன்னொரு ஓட்டம் ஓடியிருந்தா பிஸ்டன் சிலிண்டரோட ஒட்டி வண்டி நின்னிருக்குமுங்க" என்றார் அந்த இளைஞர். என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. எனக்கு மறுநாள் டின்களின் ஞாபகம் வந்தது.

இளைஞரே தன் பையில் துழாவி ஒரு பெரிய ஜெட்டை எடுத்து நீட்டினார்.

"தம்பி, எங்க கூடத்தானுங்களே நீங்க ஓடோணும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நின்னுபோன வண்டிய முந்தறதுல என்னங்ணா இருக்குது?"

அதை மாட்டி ஓடினோம்; கடைசி ஓட்டத்துக்கு மிஞ்சியது அவரும் நாங்களும்தான். எங்கள் வண்டிதான் முதலில் பாய்ந்தது. பாதிக்கு மேல் அவர் எட்டிப் பிடித்து, அரைச் சக்கரம் முன்னால் கோட்டைத் தாண்டினார். முதலில் கைதட்டியவர் என் வீட்டுக்காரர்.

"ஜெட்டையும் குடுத்துக் கப்பையும் அடிச்சுட்டாரே!" என்று கொழுந்தனார் தலையில் கை வைத்துச் சிரித்தார். பெரிய கிளாஸ் ஓட்டத்தைப் பார்த்த பிறகு, "நல்லவேள, அங்க போயிருந்தா நம்மள மூட்டை கட்டி அனுப்பியிருப்பாங்க" என்று அண்ணனிடம் ஒப்புக்கொண்டார்.

ஜெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். "வெச்சுக்குங்க, கீழ வரும்போதெல்லாம் வேணுமில்ல? அந்த வர்க்கி மிச்சமிருந்தாக் குடுங்க்கா" என்றார். டின்னோடு கொடுத்துவிட்டேன். அந்த இரைச்சலில் பேரைக்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலை கொழுந்தனார் சொன்னபடியே வண்டியைப் பழையபடி ஆக்கிக் கொடுத்தார். வர்க்கி டின்னோடு அது கட்டபெட்டுப் பக்கம் கிளம்பிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எங்களோடு போட்டி போட்ட மனிதர் காப்பாற்றிக் கொடுத்த சத்தம் அது என்று நினைக்கும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடுகிறது. ஜெட், பிளக் பற்றியெல்லாம் காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறேன், விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துவிடுங்கள்.