எண்ணெய் வைக்காத வயிறு

அறுவை மருத்துவர் என்றால் கத்தி பிடிக்கத் தெரிந்தவர் என்று வெளியே நினைக்கிறார்கள், தொழிலில் பாதி நேரம் "கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு, வருகிற பொய்யை வடிகட்டுவதிலேயே போகிறது. வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால், அது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். அதற்காகத்தான் கேட்கிறோம், உங்கள் வீட்டுச் சமையலைத் தெரிந்துகொள்ள அல்ல.

மண்டபம் என்கிற கடற்கரை ஊர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சில வருடங்களாக வயிறு பார்க்கிறேன். குடலையும் இரைப்பையையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. எங்காவது ஓட்டை விழுந்தாலோ, குடல்வால் வெடித்தாலோ, உள்ளே இருப்பது கசிந்து அந்தச் சவ்வு முழுக்க அழற்சியாகும். பெரிட்டோனைட்டிஸ் என்று பெயர். சீக்கிரம் வந்தால் பிழைக்கலாம், தாமதித்தால் ஆளே போய்விடுவார். இவ்வளவுதான் பாடம். ஆனால் வயிறு வலித்ததும் யார் டாக்டரிடம் போகிறார்கள்? நீங்களும் போயிருக்க மாட்டீர்கள், முதலில் ஒரு சோடா குடித்திருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம், நாமெல்லாம் ஒரே கட்சிதான்.

சகல வைத்தியமும் பார்த்தாச்சு

விசைப்படகு ஓட்டும் அந்தோணி, மீன் ஏற்றுகிற குட்டியானை வண்டியில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே படுத்து வந்தார். சிறுநீரகக் கல் வலிக்காரர்கள் கட்டிலில் உருளுவார்கள். இவர் அசையவே இல்லை, மூச்சைக்கூடக் கஞ்சத்தனமாக விட்டுக்கொண்டிருந்தார். வயிற்றில் கை வைத்தேன், பலகை மாதிரி இருந்தது. மெதுவாக அழுத்திச் சட்டென்று கையை எடுத்ததும் அலறினார். ஸ்டெதாஸ்கோப்பில் குடல் சத்தமே இல்லை. வருகிற வழியில் வண்டி குலுங்கியபோது வலித்ததா என்று கேட்டேன். "பாம்பன் பாலத்துல ஒவ்வொரு இணைப்பையும் எண்ணிக்கிட்டே வந்தேன் டாக்டரம்மா" என்றார்.

என்ன சாப்பிட்டார் என்று அவர் மனைவியிடம் கேட்டேன். "ஒண்ணுமே சாப்புடல" என்றார். அப்புறம் தவணை தவணையாக வந்தது. நேற்றுக் காலை ஒரு சோடா. மதியம் இஞ்சிச் சாறு. தொப்புளைச் சுற்றிச் சுண்ணாம்பு. கடலில் முதுகு வலிக்கிறது என்று அவர் மாதக்கணக்கில் விழுங்கிவந்த வலி மாத்திரையில் இன்னும் இரண்டு. இரைப்பையில் ஓட்டை போட்டதே அந்த மாத்திரைதான் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. கடைசியாக, குடல் மேலே ஏறிக்கொண்டது என்று, முத்துராக்கு அக்கா என்பவரிடம் கூட்டிப்போய் எண்ணெய் தடவி நீவிக் 'குடலேத்தம்' எடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணெய் இன்னும் வயிற்றில் பளபளத்தது. முழுசாக ஒரு நாள் போயிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தோணியின் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானமாகச் சொன்னார்: "இம்புட்டும் பாத்தும் கேக்கல டாக்டர். அதான், சரி, உங்களையும் ஒருவாட்டி பாத்துருவோம்னு வந்தோம்."

ஒழுகுதான்னு பாத்தீகளா?

மூக்கில் குழாய், கையில் குளுக்கோஸ், ஆண்டிபயாடிக் எல்லாம் ஏற்றிவிட்டு, உட்காரவைத்து நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். அந்தோணியின் மச்சான் சேசு, படகு கட்டும் ஆசாரி, வழியை மறித்துக்கொண்டு நின்றார். வலி வயிற்றில், படம் நெஞ்சுக்கு, இது என்ன நியாயம் என்றார். படம் வந்ததும் காட்டினேன். ஈரலுக்கு மேலே பிறை மாதிரி ஒரு கறுப்புக் கோடு. "இது காற்று. ஓட்டை வழியாக வெளியே வந்து மேலே ஏறி நிற்கிறது" என்றேன். படத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். காற்றுதானே, இன்னொரு சோடா கொடுக்கலாமே என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். நல்லவேளை, கையெழுத்துப் போட்டார்.

வயிற்றைத் திறந்து, சீழையும் கசிவையும் உறிஞ்சி, பல லிட்டர் உப்புநீரால் கழுவி, உள்ளேயே தொங்குகிற கொழுப்புச் சவ்வை ஓட்டையின் மேல் வைத்துத் தைத்தேன். வெளியே வந்து எல்லாவற்றையும் சேசுவிடம் விளக்கினேன். என் வாழ்க்கையில் எந்தப் பேராசிரியரும் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. நிதானமாகக் கேட்டார்: "அடைச்ச பெறகு தண்ணி ஊத்தி ஒழுகுதான்னு பாத்தீகளா? நாங்க அது பாக்காம படக எறக்க மாட்டோம்."

மீன் வயிறு, மனுசன் வயிறு

முதல் மூன்று நாள் அந்தோணி பிழைப்பாரா என்று எனக்கே தெரியவில்லை. ரத்த அழுத்தம் இறங்கும், காய்ச்சல் ஏறும். நிஜமாகவே பயந்தேன். நான்காம் நாள் அவர் கண் திறந்து தன் படகைப் பற்றி விசாரித்ததும், என் பயமெல்லாம் கோபமாக மாறி, நேரே மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். முத்துராக்கு அக்கா காலையில் மீன் விற்பார், மதியத்துக்கு மேல் வயிறு நீவுவார். ஐம்பது வயது, சங்குக் கழுத்து முழுக்க மஞ்சள், காலடியில் அரிவாள்மனை. நான் சண்டை போட வந்தவள் என்பது மார்க்கெட்டுக்கே தெரிந்துவிட்டது.

பத்து நிமிடம் பேசினேன். வயிறு பலகையாக இருந்தால், ஆள் அசையப் பயந்தால், அழுத்தும்போது வலிப்பதைவிடக் கையை எடுக்கும்போது அதிகம் வலித்தால், எண்ணெய்ப் புட்டியைத் திறக்காமல் எனக்கு அனுப்ப வேண்டும் என்றேன். அக்கா ஒரு பாறை மீனை எடுத்து என் கையில் வைத்து, வயிற்றை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன், கெட்டியாக இருந்தது. "அப்ப இப்படித்தான சொல்றீக" என்றார் அக்கா. "மீன் வயிறு கல்லா இருந்தா நல்ல மீனு. மனுசன் வயிறு கல்லா இருந்தா கெட்ட வயிறு. இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

காதர் பாயின் கௌரவம்

அதிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு புது வழக்கம் வந்தது. எண்ணெய் மினுங்குகிற வயிறு வந்தால் அவசரமில்லை, பெரும்பாலும் வாயுத் தொல்லைதான். எண்ணெய் படாத வயிறு வந்தால், அக்கா கை வைத்துப் பார்த்துவிட்டு விலகியது என்று அர்த்தம். எங்கள் நர்ஸ் சகாயம் சிஸ்டர் என்னைக் கேட்காமலே ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

அப்படி எண்ணெய் இல்லாமல் வந்தவர் காதர் பாய். துபாயில் இருபது வருடம் இருந்துவிட்டுத் தொண்டியில் வீடு கட்டியவர், மகளுக்குச் சம்பந்தம் பேச மண்டபம் வந்த இடத்தில் குடல்வால் வெடித்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு குடல் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்பதற்கு எங்களுக்கு நம்பகமான சாட்சி, காற்றுப் பிரிவதுதான். சகாயம் சிஸ்டருக்கு மெதுவாகப் பேச வராது. வாசலில் நின்றபடியே, பழத்தட்டோடு உட்கார்ந்திருந்த சம்பந்தி வீட்டார் எல்லோர் முன்னாலும், "பாய், காத்துப் பிரிஞ்சிச்சா?" என்பார். பாய் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பார். மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸில் என்னை அருகில் கூப்பிட்டார். "அல்ஹம்துலில்லாஹ், ஆச்சு டாக்டர். சம்பந்தி வீட்டுக்கும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க, விடிஞ்சதுலேர்ந்து நாலு தடவ போன் போட்டு அதத்தான் கேக்குறாக."

என் முறை

போன வருடம் ஒரு காலை எனக்குத் தொப்புளைச் சுற்றி வலித்தது. மதியத்துக்குள் வலி கீழே வலப்பக்கம் இறங்கியது. பாடப்புத்தகத்தில் குடல்வால் அழற்சிக்கு இருக்கிற வர்ணனை அப்படியே இதுதான், எத்தனையோ பேருக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். ஆனால் நான் இரவு சாப்பிட்ட பரோட்டாவைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டு சோடா குடித்தேன். ஒரு வலி மாத்திரை போட்டேன். மூன்று மணிக்கு வலி திடீரென்று குறைந்தது. பார்த்தாயா, பரோட்டாதான் என்று சந்தோஷப்பட்டேன். வெடித்த குடல்வால் கொஞ்ச நேரம் அப்படித்தான் ஏமாற்றும். ஐந்து மணிக்கு வயிறு முழுக்க வலி. நோயாளிகள் படுக்கிற கட்டிலில் அசையாமல் படுத்துக்கொண்டு, "முத்துராக்கு அக்காவைக் கூப்பிட்டுக் கொஞ்சம் எண்ணெய் தடவச் சொல்லுங்க" என்று சகாயம் சிஸ்டரிடம் நான்தான் சொன்னேன். இதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

அக்கா வந்தார். மீன் செதில் போகக் கை கழுவினார். வயிற்றில் கை வைத்தார், அழுத்தினார், எடுத்தார். நான் கத்திய கத்தலில் வெளியே வரிசை கலைந்ததாம். அக்கா எண்ணெய்ப் புட்டியை இறுக மூடினார். "இது எண்ணெய் வைக்கிற வயிறு இல்ல. வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வலியால் மட்டும் அல்ல.

எங்கள் ஆஸ்பத்திரியில் அறுவை செய்ய என்னை விட்டால் ஆள் இல்லை, இராமநாதபுரம் வரை ஒவ்வொரு வேகத்தடையையும் எண்ணினேன். அக்கா என் கையைப் பிடித்தபடி கூடவே வந்தார். அங்கே அறுவை செய்யக் காத்திருந்தவர் என்னோடு படித்தவர். முதல் கேள்வியே, "கடைசியா என்ன சாப்பிட்ட?" என்பதுதான். சக டாக்டர் முன்னால் மானம் போகுமே என்று, "ஒண்ணுமே சாப்பிடல" என்றேன். அக்கா என் கையை விட்டார். "நம்பாதீக டாக்டரய்யா. ரெண்டு சோடா, ஒரு வலி மாத்திரை. கட்டிலுக்கு அடியில கெடந்த காலிப் பாட்டிலயும் மாத்திரை அட்டையயும் நாந்தான் எடுத்து ஓரமா வச்சேன்."

பிழைத்து வந்த பிறகு நான் எந்த நோயாளியிடமும் கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதில்லை, கூட வந்தவரைத்தான் கேட்கிறேன்.