பாத்திக்குப் போட்ட உப்பு

மீஞ்சூர்லேர்ந்து திரும்பி வந்து தோட்டத்துப் படலைத் தொறந்தேன். கத்திரி நாத்து பூரா கருகிக் கெடந்துச்சு. இலை ஓரமெல்லாம் தீஞ்ச மாதிரி சுருண்டு போயிருந்துச்சு. கீரைப் பாத்தியில ஒண்ணுகூட மொளைக்கல. மண்ணு மேல வெள்ளையா பூத்திருந்துச்சு. என் தங்கச்சிக்குப் பிரசவம்னு ஒரு வாரம் போயிட்டு வர்றதுக்குள்ள இந்தக் கோலம். எனக்கு வந்த ஆத்திரத்துல கையில இருந்த பையை அங்கயே விசிறிப் போட்டேன். தை மாசம் பூரா முதுகு ஒடிய நான் கொத்தின பாத்தி அது.

பூங்கா வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நான் வேலை கத்துக்கிட்டது அந்தத் தோட்டத்துலதான். இப்ப வேலைக்கு வந்திருக்கிற பொண்ணுங்க நீங்கள்லாம் இதைத் தெரிஞ்சுக்கணும்னுதான் சொல்றேன்.

1. டாலி அய்யா

தோட்டம் சாத்தாங்காட்டுப் பக்கம். இப்ப அங்க எங்க பாத்தாலும் இரும்பு. அப்போ ஏரியும் நெல்லும் பனைமரமும்தான். வெள்ளைக்காரன் போன புதுசு.

தோட்டத்துக்காரரை எல்லாரும் டாலி அய்யான்னுதான் சொல்வாங்க. ஹார்பர்ல டாலி கிளார்க்கா இருந்து ரிடயர் ஆனவரு. கப்பல்லேர்ந்து எறங்குற மூட்டையை எண்ணி சாக்பீஸ் கோடு போடுற வேலை அது. காலம் பூரா மூட்டைத் திருடனைத் தேடித் தேடி, எவனைப் பாத்தாலும் எதையோ மடியில கட்டிகினு போறவனாவே தெரியும் அவருக்கு. பூசணிக்காய்க்கு சாக்பீஸ் கோடு. தேங்காய்க்கு சாக்பீஸ் கோடு. மாடு ஒரு நாள் பால் கொறைச்சிட்டா, யாரு வந்து கறந்தான்னு மாட்டையே விசாரிக்கிற மாதிரி மொறைச்சிகினு நிப்பாரு.

கெட்ட மனுஷன் இல்ல. கூலியில கை வெக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. ஆனா அந்தக் கண்ணு இருக்கே, அதுக்குக் கீழ வேலை செஞ்சா நமக்கும் அந்த நோவு ஒட்டிக்கும். மாட்டைக் கட்டி கெணத்துத் தண்ணி எறைக்கிற கவலை, அதை ஓட்டுற காதர் பாய் தாம்புக்கயித்தை வூட்டுக்குக் கொண்டு போறாரான்னு நான் பாப்பேன். நான் வெதையை முந்தானையில முடியிறேனான்னு அவரு பாப்பாரு.

மூணாவது ஆளு செல்லி. அத்திப்பட்டு உப்பளத்துலேர்ந்து வந்தவ. புருஷன் கப்பல்ல கரி தள்ளப் போனவன், உசுரோட இருக்கானா இல்லையான்னு தகவலே இல்ல. உப்புத் தண்ணியில நின்னு நின்னு அவ ரெண்டு பாதமும் புண்ணா வெடிச்சுப் போயிருந்துச்சு. மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னாடி சாமான் போடுற அறையில அவளைத் தங்க வெச்சாங்க. நல்ல தண்ணியிலயும் ஈர மண்ணுலயும் நடந்ததுல அந்தப் புண்ணு அப்பத்தான் ஆறிகினு வந்துச்சு. இங்க இடம் போனா திரும்ப உப்பளம்தான், வேற நாதி கெடையாது அவளுக்கு.

2. மாசி மாசத்து வேலை

பொங்கல் முடிஞ்சு வெயில் ஏறத் தொடங்குச்சுன்னா தோட்டத்துல நிக்க நேரம் இருக்காது. கெணத்துல எறங்கி தூர் வாரணும். கவலைச் சாலுக்கு கிழிஞ்ச தோலைத் தெச்சு எண்ணெ போடணும். வேலியில முள்ளு கட்டணும். சித்திரை வெயில் வர்றதுக்குள்ள நாத்து வேர் புடிச்சாகணும். நம்ம ஊர் மண்ணு மணலு. தண்ணி நிக்காது, சத்தும் நிக்காது. எருவும் ஏரி வண்டலும் கலந்து கொத்தி, பாத்தியை கையாலயே நெரவணும். கீரை வெதையை மணலோட கலந்து தூவணும், இல்லன்னா ஒரே எடத்துல கொத்தா வுழும்.

அந்தத் தோட்டத்துல உப்பு ரெண்டு உண்டு. இதைக் கவனமாக் கேளுங்க.

ஒண்ணு சோத்து உப்பு. தென்னம்பிள்ளை வெக்கிற குழியில போடறதுக்கு சாக்குல வாங்கி மாட்டுக்கொட்டாயில சாத்தி வெச்சிருக்கும். அதை யாரும் திருட மாட்டாங்கன்னு அய்யாவே கண்டுக்காம விட்ட சாமான் அது ஒண்ணுதான்.

இன்னொண்ணு அமோனியா. சீமை உரம். பாக்கறதுக்கு அதுவும் உப்பாட்டமே வெள்ளையா இருக்கும். அப்போல்லாம் அது லேசுல கெடைக்காது. அய்யா ஹார்பர் தோஸ்து யாரையோ புடிச்சு வாங்கினு வருவாரு. வெளிய தெரிஞ்சா அடிச்சினு பூடுவாங்கன்னு அந்தப் பேரையே வாயில எடுக்க மாட்டாரு. உப்பு, உப்புன்னுதான் சொல்வாரு. அதுக்குன்னு ஒரு பிஸ்கட் தகரம். மூடிக்கும் தகரத்துக்கும் சேத்து ஒரு சாக்பீஸ் கோடு இழுப்பாரு, எவனாவது தொறந்தா கோடு வெலகிக் காட்டிக்குடுக்கும்னு. அவரு சொல்ற உப்பு இன்னான்னு அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். காதர் பாய்க்குக்கூட தெரியாது. வருஷா வருஷம் அதைத் தூவறது நான்தான்.

அந்த வருஷம் நான் மீஞ்சூர்ல இருந்தேன்.

3. விசாரணை

அய்யாவும் வெளியூர் போயிட்டு அன்னிக்குத்தான் திரும்பியிருந்தாரு. மொதல்ல என்னைத்தான் புடிச்சாரு. சரியா இந்த வாரம் பாத்து ஏன் ஊருக்குப் போனேன்னு கேட்டாரு. என் தங்கச்சிக்கு வலி எடுக்கறதுக்கு உங்க கிட்ட நாள் கேக்கணுமான்னு நானும் திருப்பிக் கேட்டேன். அப்புறம் காதர் பாய். பக்கத்துத் தோட்டத்துல கவலை ஓட்டுறது அவரு மச்சான். அந்தத் தோட்டத்து நாத்து மட்டும் பச்சையா நிக்குதே எப்படின்னாரு. பாய்க்கு மொகம் செவந்து போச்சு. மாட்டை அவுத்து நெழல்ல கட்டிட்டு, வேலை செய்யாம உக்காந்துட்டாரு.

அய்யா குனிஞ்சு ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்குல வெச்சாரு. காறித் துப்பினாரு.

“உப்பு.”

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கினோம். பால் வாங்க வந்த பொம்பளைங்க நாலஞ்சு பேரு படல்கிட்ட நின்னு வேடிக்கை பாத்துகினு இருந்தாங்க. கொட்டாயில போய்ப் பாத்தா, சாக்கு பாதி காலி. அய்யா எங்க மூணு பேரையும் வரிசையா நிக்க வெச்சு, பாத்தியில உப்பு போட்டது யாருன்னு கேட்டாரு.

“நான்தான் நைனா” அப்படின்னா செல்லி.

வேலை முடிஞ்சுதுன்னு சொல்ற மாதிரி சாதாரணமாச் சொன்னா. படல்கிட்ட நின்ன பொம்பளைங்க வாயில கை வெச்சிக்கினாங்க. எனக்கும் அந்த நிமிஷம் அவளை நாலு அறை விடலாம்னுதான் இருந்துச்சு, பொய் சொல்லுவானேன்.

“எவன்டி சொல்லி போட்ட?”

“நீங்கதான் சொன்னீங்க.”

அவ்வளவுதான். அய்யா குதிச்ச குதி எனக்கு இன்னிக்கும் கண்ணுல நிக்குது. உப்பளத்துக்காரி புத்தியைக் காட்டிட்டா, எவனோ ஆளு வெச்சு அனுப்பியிருக்கான், வூட்டுல இடம் குடுத்தா மண்ணையே கெடுத்துட்டா, கள்ளின்னு அத்தனை பேர் முன்னாடி கத்தினாரு.

4. தகரம் எங்க

நான் செல்லியைக் கெணத்தடிக்கு இழுத்துகினு போய் என்ன நடந்துதுன்னு கேட்டேன். அழுதுகினே சொன்னா. நான் ஊருக்குப் போன மறுநாள் காலையில அய்யா வண்டியில ஏறிகினே, கொட்டாயில உப்பு கீது, பாத்திக்குப் போட்டு தண்ணி காட்டிடுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு.

“உப்பளத்துலயும் உப்பு வெளையிற எடத்தைப் பாத்தின்னுதான் சொல்லுவோம் யக்கா” அப்படின்னா. “பாத்தியில உப்பு இருந்தாதான எங்களுக்குக் கஞ்சி. இங்கயும் போடுவாங்க போலன்னு போட்டேன். நல்லா தாராளமாவே போட்டேன்.”

அய்யா சொன்ன உப்பு அமோனியான்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. நேரா அய்யாகிட்ட போனேன். நீங்க சொன்னது நம்ம உப்பு, அவ போட்டது சோத்து உப்பு, அவமேல தப்பில்லன்னு மெதுவாச் சொன்னேன். அவரு மொகத்துல சந்தேகம் இன்னும் ஒரு படி ஏறுச்சே ஒழிய எறங்கல.

“அப்ப தகரம் எங்க? நான் தகரத்துல எடுத்து கொட்டாயிலதான் வெச்சிட்டுப் போனேன்.”

எந்த இடத்துலன்னு கேட்டேன். அதை உன்கிட்ட ஏன் சொல்லணும்னாரு. அப்புறம் அவரே போய், வைக்கோல் குவியல் மேல ஏறி, கையை உள்ள விட்டுத் துழாவினாரு. அங்கதான் சொருகி மறைச்சு வெச்சிருக்காரு, அதைச் செல்லிகிட்ட சொல்லவும் இல்ல. தகரம் இல்ல.

அதோட செல்லி கதை இன்னும் மோசமாப் போச்சு. மண்ணைக் கெடுத்தது போதாதுன்னு இப்ப அமோனியாவைத் திருடி வித்துட்டான்னு ஆச்சு. நானும் கூட்டுன்னாரு. பொழுது சாயறதுக்குள்ள தகரம் வரலன்னா ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடுவேன்னுட்டாரு. செல்லி அறைக்குள்ள போய் அவ புடவையை மூட்டை கட்டத் தொடங்கிட்டா. கட்டிகினே பாதத்தைப் பாத்துக்கினா.

அந்த நேரம் காதர் பாய் எழுந்து வந்தாரு. மனுஷன் மேல கோவம்னாலும் மாடு இன்னா பண்ணுச்சு, அத்த பட்டினி போட முடியுமான்னு சொல்லிகினே குவியலோட அடிப்பக்கத்துலேர்ந்து வைக்கோலை உருவினாரு. தெனம் அப்படித்தான் கீழேர்ந்து உருவுவாரு. உருவ உருவ மேல இருக்கிறது உள்ளயே எறங்கிகினே இருக்கும். ரெண்டாவது தடவை உருவினப்போ டங்குன்னு சத்தம் கேட்டுது.

பிஸ்கட் தகரம். பாய் அதை எடுத்து, இன்னா இதுன்னு புரியாம அய்யா கையில குடுத்தாரு.

அய்யா வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. மூடி மேல ஆரம்பிச்ச சாக்பீஸ் கோடு வெலகாம நேரா தகரத்துல எறங்கியிருந்துச்சு. அவரு போட்ட கோடு. யாரும் தொறக்கல.

5. அதுக்கு அப்புறம்

அய்யா தகரத்தைக் கக்கத்துல இடுக்கிகினு, சரி, போய் வேலையைப் பாருன்னாரு.

செல்லி மூட்டையோட நின்னா. அசையல.

“கள்ளின்னு படல்கிட்ட நின்னு சொன்னீங்க நைனா. இல்லன்னு சொல்றதை இங்க கொட்டாயில சொன்னா எப்படி?”

அய்யா என்னைப் பாத்தாரு, பாயைப் பாத்தாரு. பாய் மாட்டுக்கு வைக்கோலைப் போடப் போயிட்டாரு, நான் செல்லி பக்கத்துல போய் நின்னேன். சாயங்காலப் பாலுக்கு அதே பொம்பளைங்க வந்தப்போ, தகரத்தைக் கையில வெச்சிகினு படல்கிட்ட போனாரு. செல்லி திருடல, நான் சொன்னதைத்தான் செஞ்சா, நான்தான் சரியாச் சொல்லலன்னாரு. காது கேக்காத கெழவி ஒருத்தி என்ன சொன்னீங்கன்னு கேட்டா. மறுபடியும் சொன்னாரு. எனக்கு அன்னிக்கு அவரு மேல இருந்த கோவம் பாதி போச்சு. மீதி போகல.

கெட்ட மேல்மண்ணை வழிச்சு வெளிய கொட்டினோம். காதர் பாய் கவலை ஓட்டி ஓட்டி, நல்ல தண்ணியைப் பாய்ச்சி உப்பைக் கீழ தள்ளினாரு. புதுசா வண்டல் போட்டு வெதைச்சோம். கத்திரி அந்த வருஷம் கெடைக்கல. பங்குனி கடைசியில தண்டுக்கீரை மட்டும் வந்துச்சு.

செல்லி போகல, அங்கயே இருந்தா. ஆனா அதுலேர்ந்து அய்யா எந்த வேலை சொன்னாலும் அவ எடத்தை விட்டு நகர மாட்டா.

“கை வெச்சுக் காட்டுங்க நைனா” அப்படின்னு நிப்பா.

மம்மட்டி எடுன்னா, அய்யா வந்து மம்மட்டி மேல கை வெக்கணும். எரு அள்ளுன்னா, எருக்குழிகிட்ட வந்து இதுதான்னு குனிஞ்சு தொடணும். ஒரு தடவை நல்ல மழை. அய்யா வூட்டு வாசல்லேர்ந்தே, தெற்குப் பாத்தி வரப்பை வெட்டி விடுன்னு கத்தினாரு. செல்லி மழையில நனைஞ்சிகினே அவரைப் பாத்துகினு நின்னா. வேற வழியில்லாம குடையைப் புடிச்சிகினு சேத்துல எறங்கி வந்து வரப்பு மேல கையை வெச்சாரு. அதுக்கப்புறம்தான் அவ மம்மட்டியை எடுத்தா. ஆறின பாதத்தை அழுத்தி வெச்சு ஒரே வெட்டுல தண்ணியைத் தொறந்து விட்டா.

நாளைக்கு உங்கள்லயும் யாராவது மேஸ்திரி ஆவீங்க. ஆளுங்க மேல சந்தேகம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும், மேஸ்திரி வேலைன்னா அது வரத்தான் செய்யும். ஆனா வேலை சொல்றப்போ எதைச் சொல்றியோ அதும்மேல கையை வெச்சுச் சொல்லு. நீ பூட்டி மறைச்சு வெச்ச வார்த்தைக்கு இன்னொருத்தி மூட்டை கட்டக் கூடாது.